மேலே போட்ட பெயர்

எங்கள் அலுவலகத்திலிருந்து வெளியே போகிற எந்தக் காகிதத்திலும் சாரின் பெயர்தான் மேலே இருக்கும். அப்படி ஓர் உத்தரவு கிடையாது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் வீட்டுப் பெரியவர் பெயரை மேலே போட வேண்டும் என்று யாராவது சட்டம் போட்டார்களா என்ன? கை தானாகப் போடும். எங்கள் கைகளும் தானாகப் போட்டன.

சார் எங்கள் குழுவின் தலைவர். நாஞ்சில் நாட்டுக்காரர். திருவனந்தபுரத்துக்குப் படிக்க வந்து, இங்கேயே வேலை, வீடு, குடும்பம் என்று தங்கிவிட்டவர். கோபமே வராது. மதியம் யாராவது சோற்றுப் பாத்திரம் கொண்டுவரவில்லை என்றால் தன் பாத்திர மூடியில் பாதியை வைத்து நீட்டிவிடுவார். இப்படிப்பட்ட மனிதர்மேல் கோபப்படுவது எவ்வளவு சிரமம் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். நான் ஒரு வருஷம் முழுக்கப் பட்டவள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருஷங்கள் அவை. நான் வலியசாலையில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி, கிழக்கேகோட்டையில் பஸ் பிடித்து, கழக்கூட்டத்தில் இருந்த கம்பெனிக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு பில் போடுகிற சாஃப்ட்வேர் செய்துகொடுத்திருந்தோம். செய்த புதிதில் அது படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. காரணம், கரண்ட். மின்வாரியம் மாலையில் அரை மணி நேரம் கரண்டை நிறுத்தும், ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு நேரம். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறைக்கு மட்டும்தான் ஜெனரேட்டர். பில் கவுண்டருக்கு ஒரு பேட்டரி உண்டு. அது இருமிக்கொண்டே சில நிமிஷம் தாங்கும், பிறகு படுத்துவிடும். அதோடு எங்கள் சாஃப்ட்வேரும் படுக்கும். திரும்ப எழுந்திருக்கும்போது அதற்குப் பாதி விஷயம் மறந்துபோயிருக்கும்.

நான் அந்தக் கவுண்டரிலேயே சில மாலைகள் போய் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. கரண்ட் போவதை விபத்தாக நினைத்தால்தானே பிரச்சினை? அது தினமும் சொல்லிவிட்டு வருகிற விருந்தாளி. காலையில் சாஃப்ட்வேரைத் திறக்கும்போதே அது கேட்கும்: இன்று எத்தனை மணிக்கு? நேரத்தைச் சொல்லிவிட்டால், அதற்குக் கொஞ்சம் முன்னால் தானாகவே புதுப் பில்களை நிறுத்தும், எல்லாவற்றையும் பத்திரப்படுத்தும், திரையில் 'ஓய்வு' என்று போட்டுவிட்டு அமைதியாகும். கரண்ட் வந்ததும் ஒவ்வொரு கவுண்டரும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். இதை நான் எழுதினேன். ஒரு மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்து எழுதினேன். ஆஸ்பத்திரியில் சண்டை நின்றது.

பெங்களூரில் வருஷாவருஷம் சாஃப்ட்வேர்க்காரர்கள் கூடுகிற மாநாடு ஒன்று இருந்தது. அங்கே பேச வேண்டும் என்றால் முதலில் என்ன பேசப்போகிறோம் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும். அவர்கள் படித்துப் பார்த்து, பிடித்திருந்தால் கூப்பிடுவார்கள். இதைப் பற்றி ஒரு பத்திரிகையில் படித்த நாளிலிருந்து எனக்கு ஆசை. ஆசை என்று சொன்னால் போதாது, வெறி. நான் செய்ததை நான் ஒரு மேடையில் ஏறிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சம்பள உயர்வுக்குக்கூட நான் அப்படி ஏங்கியதில்லை.

எழுதிய பக்கத்தைச் சாரிடம் காட்டினேன். படித்துவிட்டு அவர் முகம் சுருங்கியது.

"கரண்டு போவும்னெல்லாம் எழுதாண்டாம், பிள்ளே. பெங்களூர்க்காரன் வாசிச்சா என்ன நெனப்பான்? நம்ம ஊருக்கு நாமளே மானக்கேடு உண்டாக்கதுக்கா?"

பெங்களூரிலும் கரண்ட் போகும் என்பது அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. சார் உட்கார்ந்து திருத்தினார். கரண்ட் போவது 'எதிர்பாராத உள்கட்டமைப்பு நிகழ்வு' ஆனது. ஆஸ்பத்திரி ஒரு 'பன்முகப் பயனர் சூழல்' ஆனது. தலைப்பு மட்டும் இரண்டு வரி. ஆங்கிலத்தில் அது இன்னும் பயங்கரமாக இருந்தது. திருத்தி முடித்தபோது அதில் இல்லாதது ஒன்றுதான், நாங்கள் என்ன செய்தோம் என்கிற விஷயம். பெயர் எழுதும் இடத்தில் முதலில் சாரின் பெயரையும் கீழே என் பெயரையும் நானே தட்டச்சு செய்தேன்.

இரண்டு மாதம் கழித்து மின்னஞ்சல் வந்தது. நீங்கள் சொல்ல வருவது என்ன என்று எங்களுக்கு விளங்கவில்லை, மன்னிக்கவும் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். எனக்கும் விளங்கவில்லை என்று பதில் போடலாமா என்றிருந்தது.

மறு வருஷம் அனுப்ப வேண்டிய கடைசி நாளில் சார் ஊரில் இல்லை. மச்சினனின் புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு நாகர்கோவில் போயிருந்தார். நான் என் இஷ்டத்துக்கு எழுதினேன். 'எங்கள் ஊரில் தினமும் மாலை அரை மணி நேரம் கரண்ட் போகும். எங்கள் சாஃப்ட்வேருக்கு அது தெரியும்.' இதுதான் முதல் வரி. மீதியும் அப்படித்தான், வீட்டில் பேசுகிற மாதிரி. ஒரே மூச்சில் எழுதி முடித்து, பெயர் போடும் இடத்துக்கு வந்தேன். முதல் கட்டத்தில் சாரின் பெயரைப் போட்டேன்.

யாரும் போடச் சொல்லவில்லை. சார் ஊரில்கூட இல்லை. ஆனாலும் என் பெயரை மேலே எழுதி அவர் பெயரைக் கீழே எழுத எனக்குக் கை வரவில்லை. பெரியவர் நின்றுகொண்டிருக்க நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்று தோன்றியது. மேலே பெயர் போட்டால் மரியாதை, கீழே இருப்பவர் வேலை செய்தவர், இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்தேன். பெங்களூரில் அந்தப் படிவத்தைச் செய்தவர்களுக்கு அது தெரியாது. அவர்களுக்கு முதல் கட்டம் என்றால் பேசப்போகிறவர்.

இந்த முறை ஏற்றுக்கொண்டார்கள். கடிதம் சாரின் பெயருக்கு வந்தது. ஒரு உரைக்கு ஒருவர்தான் மேடையேறலாம், முதலில் பெயர் இருப்பவரையே பேச்சாளராகக் கொள்கிறோம் என்று போட்டிருந்தது. சார் எல்லோருக்கும் சாயாவும் சுகியனும் வரவழைத்தார். நான் ஒரு சுகியனைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன். 'இதைச் செஞ்சது நீ, நீ போய்ப் பேசு' என்று.

"நான் பேசிக்கிடுதேன்," என்றார் சார். "நீ ஸ்லைடெல்லாம் ரெடியாக்கு. நீயும் வரணும், கேட்டியா. கம்பெனி டிக்கெட் போடும்."

சரி சார் என்றேன். அந்தச் சுகியனை மேசை இழுப்பறையில் வைத்தவள் மறுநாள் எறும்பு வந்த பிறகுதான் எடுத்துப் போட்டேன்.

வீட்டில் வேறு ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது. கடிதம் வந்த அன்று மதியமே, அதை முழுக்கப் படிப்பதற்கு முன்னால், நான் அப்பாவுக்கு போன் செய்து 'பெங்களூர்ல எடுத்துண்டுட்டா' என்று கத்தியிருந்தேன். சாயங்காலம் வீடு திரும்புவதற்குள் வலியசாலைத் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. கோவில் வாசலில் பூ விற்கிறவர்வரை என்னை நிறுத்தி, எந்தத் தேதி என்று கேட்டார். அப்பா அரசாங்கத்தில் கணக்குத் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவர். யாரிடமும் அதிகம் பேசமாட்டார். அவர் எப்படி ஒரு தெருவையே பேசி முடித்தார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நான் பேசப்போவதில்லை என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன். மறுநாள் அவர் தனக்கும் ரயில் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"தனியா எப்படி அனுப்பறது? உங்கம்மா சம்மதிக்க மாட்டா," என்றார். அம்மா அடுக்களையிலிருந்து, "நான் ஒண்ணும் சொல்லலை, அப்பாவுக்குத்தான் ஒன் பேச்சைக் கேக்கணுமாம்," என்று உண்மையைப் போட்டு உடைத்தாள்.

இப்படியாக நாங்கள் மூன்று பேர் பெங்களூர் போனோம். சார் வேறு பெட்டியில். வழி முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. பயத்தில் இருக்கிறேன் என்று அப்பா நினைத்துக்கொண்டார். எலுமிச்சம்பழச் சாதம் எடுத்துக் கொடுத்தார்.

மாநாடு ஒரு பெரிய ஹோட்டலில். எல்லோரும் கால்சட்டையில் இருக்க, அப்பா மட்டும் எட்டு முழ வேஷ்டியும் முழுக்கைச் சட்டையும் குடையுமாக, கழுத்தில் 'விருந்தினர்' என்று ஒரு அட்டையை மாட்டிக்கொண்டு நடந்தார். எங்கள் உரைக்கு முன்னால் காபி இடைவேளை. ஸ்லைடுகள் திரையில் சரியாக விழுகின்றனவா என்று பார்க்க நான் உள்ளே ஓடினேன். கதவிடுக்கு வழியாகத் திரும்பிப் பார்த்தபோது, காபி மேசை ஓரத்தில் அப்பாவும் சாரும் தலையைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். காபி மட்டம் என்று அப்பா குறை சொல்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் அப்பா உள்ளே வந்து, முன்னால் எத்தனையோ நாற்காலி காலியாக இருக்க, நேராகக் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். நான் நடுவில் ஓரிடத்தில் உட்கார்ந்தேன். திரும்பி அவரைப் பார்க்கும் தைரியம் இல்லை.

சார் மேடையேறினார். நன்றாகப் பேசினார் என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். அன்று அதுவும் எனக்கு ஆகவில்லை. முதல் வரியாக நான் எழுதியதையே சொன்னார்; கூட்டம் சிரித்தது, அது நல்ல சிரிப்பு. மானக்கேடு எங்கே போயிற்றோ தெரியவில்லை. ஒவ்வொரு வாக்கியத்திலும் 'நாங்கள்' என்றார். அந்த 'நாங்கள்' என் காதில் 'நான்' என்றே விழுந்தது. கடைசி வரிசையில் ஒருவர் தன் பெண் எப்போது மேடையேறுவாள் என்று கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்கிற நினைப்பு வேறு. எழுந்து வெளியே போய்விடலாமா என்றிருந்தது.

கேள்வி நேரம் வந்தது. ஒருவர் எழுந்து கேட்டார்: பேட்டரியும் கைவிட்டு, பில் பாதி அச்சாகும்போதே கரண்ட் போய்விட்டால் என்ன செய்வீர்கள்? நோயாளி கையில் பாதி பில். கம்ப்யூட்டரோ முழு பில் போட்டாயிற்று என்று நினைக்குமே?

சார் வாயைத் திறந்து மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என் பக்கம் கையைக் காட்டி, இதற்கு என் சகா பதில் சொல்வார் என்றார்.

எழுந்தேன். மைக் இல்லை. கவுண்டரில் இருப்பவர் பில்லைக் கிழித்துக் கையில் எடுத்து ஒரு பொத்தானை அழுத்தும்வரை அந்த பில் முடிந்ததாகக் கணக்கில் ஏறாது என்றேன். கரண்ட் திரும்பியதும் சாஃப்ட்வேர் முதலில் கேட்பதே 'கடைசி பில் முழுதாக வந்ததா?' என்றுதான். கம்ப்யூட்டருக்குத் தாளைப் பார்க்கக் கண் கிடையாது, பார்த்தவரைக் கேட்டுவிடுவதுதான் வழி என்றேன். அதன்பின் இன்னொருவர் கேட்டார். அதையும் சார் எனக்கே தள்ளினார். அதற்கடுத்ததையும். பிறகு கேட்பவர்கள் மேடையைப் பார்ப்பதையே விட்டுவிட்டு என் பக்கம் திரும்பிக் கேட்க ஆரம்பித்தார்கள். கேள்வி நேரம் முழுவதும் நான் நின்ற இடத்திலேயே நின்று பேசினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நேரம் அதற்கு முன்னால் இல்லை.

திரும்பும் ரயிலில் அப்பா, "நன்னாச் சொன்னே. கடைசி வரிசைக்கும் கேட்டது," என்றார். அவ்வளவுதான். நானாகவே முந்திக்கொண்டு, அங்கே வழக்கம் அப்படித்தான், ஒருவர் மேடையில் நின்று படம் காட்டுவார், விஷயம் தெரிந்தவர் கீழே நின்று பேசுவார் என்று அளந்தேன். "அப்படியா," என்றார் அப்பா. தெருவிலும் அப்படியே சொன்னார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த ஒரு வருஷம் நான் அந்தக் கேள்வி நேரத்தை வைத்தே வாழ்ந்தேன். சார் பதில் தெரியாமல் திணறியதையும் நான் எழுந்து மானத்தைக் காப்பாற்றியதையும் கேன்டீனில் எத்தனை முறை சொல்லியிருப்பேனோ. கண்ணாடியைத் துடைப்பதை நடித்துக்கூடக் காட்டுவேன்.

இதற்குள் ஆஸ்பத்திரியில் எல்லா அறைக்குமாகப் பெரிய ஜெனரேட்டர் வாங்கிவிட்டார்கள். இனிமேல் அந்த 'ஓய்வு' வேண்டாமே, எடுத்துவிடலாமா என்று கேட்கப் போனேன். கவுண்டரில் இருந்த பெண்கள் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். அந்த அரை மணி நேரத்தில்தான் அவர்கள் சாயா குடித்து, வீட்டுக்குப் போன் பேசிப் பழகியிருந்தார்கள். கரண்ட் போகாத இடத்திலும் சாஃப்ட்வேர் ஓய்வெடுக்க வேண்டியிருந்தது. இதைவிட நல்ல விஷயம் எனக்கு இனி கிடைக்காது என்று எழுதி அனுப்பினேன். பெயர் போடும் இடத்தில் முதல் கட்டத்தில் என் பெயர். இரண்டாவது கட்டம் காலி. அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது சார் ஊரில்தான் இருந்தார்.

மறைத்து வைக்க எனக்குப் பிடிக்கவில்லை. அன்றே அவர் அறைக்குப் போய்ச் சொன்னேன். இந்த வருஷம் என் பெயரில் மட்டும் அனுப்பியிருக்கிறேன், பேசப்போவது நான் என்று. வேண்டிய அளவுக்கு மேலேயே வெடுக்கென்று சொல்லியிருப்பேன்.

சார் பேனாவை மூடி வைத்தார்.

"போன தடவையும் அப்பிடிப் போட்டிருக்கலாமே, பிள்ளே. நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? நீயாக்கும் எம் பேரை மேல போட்டது. சரி, இவளுக்கு மேடையில ஏற மடியா, கூச்சமா இருக்கும்னு நெனச்சேன். பேசதுக்கு முந்தி எனக்கு ரெண்டு நாளா உறக்கமே இல்ல, தெரியுமா?"

நான் விடவில்லை. அப்போது வேண்டுமென்றே குத்துவது போல, "அந்த பில் கேள்விக்கு மட்டும் பதில் தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும் சார்," என்றேன்.

சார் சிரித்தார். "ஏன் தெரியாது? நீ எழுதினதை வரி வரியா வாசிச்சவன்தானே நான். அது உங்கப்பா சொன்னதாக்கும். காபி குடிக்கையில நாந்தான் அவருகிட்ட, அடுத்தாப்ல நான் பேசப் போறேன், ஆசீர்வாதம் பண்ணணும்னு சொன்னேன். பாவம், அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆயிட்டு. கொஞ்ச நேரம் கழிச்சு, கடைசியில கேள்வி கேப்பாளாமே, அதை எங்காத்துப் பொண்ணுக்கு விட்டுக் குடுப்பேளான்னு கேட்டாரு. அதுக்கென்னன்னு குடுத்தேன்."

ஒரு வருஷமாக நான் நெஞ்சோடு வைத்திருந்த அந்த நேரம், சிபாரிசில் கிடைத்தது. கல்லூரி சீட்டுக்கும் சிபாரிசு வேண்டாம் என்று இருந்தவள் நான். அப்பா யாரிடமும் போய் எதுவும் கேட்காதவர் என்று பெருமைப்பட்டவள். காபி மேசையருகே குடையைக் கையில் வைத்துக்கொண்டு, தன்னைவிட இருபது வயது சிறிய ஒருவரிடம் அவர் எனக்காகக் கேட்டிருக்கிறார்.

அன்று சண்டை போடுவது என்றே வீட்டுக்குப் போனேன். நான் செருப்பைக் கழற்றும்போது எங்கள் தெருவில் கரண்ட் போயிற்று. அப்பா கூடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார். இருட்டில் முகம் தெரியாததால் எல்லாவற்றையும் கொட்டினேன். ஏன் கேட்டீர்கள், யார் கேட்கச் சொன்னது, நான் என்ன எதற்கும் லாயக்கில்லாதவளா?

அப்பா திரியைச் சரிசெய்துகொண்டே கேட்டார். "கேள்வியைத்தான் நான் வாங்கித் தந்தேன். பதில் சொன்னது நானா? எனக்கு அதுல பாதி புரியக்கூட இல்லை."

"அப்போ எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீயும் எங்கிட்டச் சொல்லலையே."

நான் அழுதேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. மெழுகுவர்த்தியை என் பக்கத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தார். கரண்ட் வருவதற்குள் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

கேன்டீனில் கண்ணாடி துடைத்து நடிப்பதை அதோடு நிறுத்தினேன். கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். செய்தவளுக்குத் தன் பேச்சு கிடைக்க ஒரு அப்பா காபி மேசைவரை வர வேண்டியிருந்தது என்பதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு. அது சார்மேலா, என்மேலா, அந்தக் கல்யாணப் பத்திரிகைப் பழக்கத்தின்மேலா என்பதுதான் தெரியவில்லை.

சில வாரம் கழித்து பெங்களூரிலிருந்து பதில் வந்தது. ஏற்றுக்கொண்டிருந்தார்கள். இந்த முறை கடிதத்தைக் கடைசி வரிவரை படித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"இந்தத் தடவை அப்பா யார்கிட்டயும் ஒண்ணும் கேக்கப்படாது," என்றேன்.

"கேக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா," என்றார். "ஒண்ணே ஒண்ணு உங்கிட்டக் கேட்டுக்கறேன். இந்தத் தடவை முன் வரிசையில உக்காரட்டுமா? போன தடவை பின்னாடியிருந்து ஒன் முதுகைத்தான் பாத்தேன்."